புரையிடத்தில் (வீட்டுமனையில்) தரைமேல் ஸ்விம்மிங் பூல்: பேரூராட்சி அனுமதி வேணுமா? மாடியில் வைக்கலாமா?

விளையோரம் கேட்டது:

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தை பக்கம், பேரூராட்சி எல்லைக்குள் 9 சென்ட் புரையிடம். வாங்க நினைப்பது இரும்புக் குழாய் ஃப்ரேம் வைத்த வட்ட பூல். 12 அடி விட்டம், 30 இஞ்ச் உயரம், கொள்ளளவு 6,500 லிட்டர். குழி தோண்டவோ கான்கிரீட் போடவோ திட்டம் இல்லை, வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம்.

வைக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று மொட்டை மாடி. இன்னொன்று வீட்டுக்குப் பின்னால் கிழமேல் 22 அடி, தென்வடல் 18 அடி வெற்றிடம். அதன் மேற்கு ஓரம் முழுக்க 5 அடி உயர கல்லுக்கட்டு, சிமென்ட் பூசாத பழைய கட்டு. அதற்குக் கீழே பக்கத்துக்காரரின் வாழை. தென்மேற்கு மூலைக்கு மேலே கரண்ட் லைன் கடக்கிறது.

அனுமதி எங்கே வாங்கணும்? எந்த இடம் சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆடிக்காற்று:

மாடி நல்ல யோசனைதான், பார்வையும் மறையும். அனுமதியெல்லாம் தேவைப்படாது. கழற்றி வைக்கிற சாமானுக்கு யார் பிளான் கேட்கப் போறாங்க? தண்ணித் தொட்டி வைக்கிற மாதிரிதானே.

கல்லுக்கட்டு:

மாடி வேண்டாம் தம்பி. ஆடிக்காற்று அண்ணன் சொன்னதை வைத்து முடிவெடுத்து விடாதீங்க, கணக்கைப் பாருங்க.

12 அடி விட்டத்துக்குப் பரப்பு 10.5 சதுர மீட்டர். 6,500 லிட்டரை அதில் பரப்பினால் 62 சென்டிமீட்டர் ஆழம் வரும். ஒரு சதுர மீட்டருக்கு 620 கிலோ. ஆள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரக் குறிப்பு) இரண்டாம் பாகம் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ, வீட்டு அறைகளுக்கே 200 தான். நீங்கள் ஏற்றப் போவது மாடிக்குச் சொன்னதைப் போல நாலு மடங்கு. மாடியில் 15 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி நின்றாலே கணக்கு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணித் தொட்டியோடு ஒப்பிடவும் முடியாது. 1,000 லிட்டர் சின்டெக்ஸை மாடிப்படிக் கூண்டின் மேலே, சுவரும் பீமும் தாங்குகிற இடமாகப் பார்த்து வைப்பார்கள். இந்த பூல் ஸ்லாபின் நடுவில் உட்காரும். முதல் நாள் ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. சுமை மாதக்கணக்கில் அப்படியே நின்றால் கான்கிரீட் பைய பையத் தொய்யும். கீழே சீலிங்கில் மயிரிழை வெடிப்பு, அதன் வழியாகத் தண்ணீர், பிறகு கம்பியில் துரு. கடல் உப்புக்காற்று வீசும் நம்ம மாவட்டத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

சரி, பின்பக்கம். அங்கே பார்க்க வேண்டியது கல்லுக்கட்டு. கட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் ஆறரை டன் உட்கார்ந்தால் அந்தப் பாரம் மண் வழியாகக் கல்லை வெளியே தள்ளும். சிமென்ட் இல்லாத கட்டு தன் கனத்தால் மட்டும் நிற்பது. தள்ளுவிசை கூடினால் முதலில் நடுப்பகுதி வயிறு தள்ளும். மழையில் மண் ஊறினால் விசை இன்னும் கூடும். நமக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, ஆக வருஷத்தில் இரண்டு தடவை அந்த மண் ஊறும். குறைந்தது கட்டின் உயரம் அளவுக்கு விலகணும், பழைய வெறுங்கல் கட்டென்றால் ஒன்றரை மடங்கு. உங்களுக்கு ஏழரை அடி. 22 அடியில் ஏழரையும் பூலின் 12-உம் போனால் வீட்டுச் சுவர் பக்கம் இரண்டரை அடி மிஞ்சும். இடம் போதும், ஆனால் ஒரு அடிகூட மேற்கே நகர்த்த வழியில்லை. கட்டு ஏற்கனவே வயிறு தள்ளி இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பூல் வேண்டாம்.

இனி தளம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

14 அடி விட்டத்துக்கு வட்டம் போட்டு, புல்லும் வேருமாக மேல்மண்ணை 4 முதல் 6 இஞ்ச் வெட்டி எடுங்க. மேட்டை வெட்டிச் சமப்படுத்தணும், பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தக் கூடாது. நிரப்பிய மண் பாரம் ஏறியதும் அமுங்கும், அந்தப் பக்கம் சாயும். பிறகு 2 இஞ்ச் பாறைப்பொடி. 14 அடி வட்டத்துக்கு 26 கன அடி வரும், இடித்தால் குறையும் என்பதால் 30 கன அடி இறக்குங்க. தண்ணீர் தெளித்துத் திம்சு (இடிகட்டை) போட்டு இறுக்கணும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் எட்டுத் திசையிலும் பாருங்க, ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் ஒரு இஞ்சுக்கு மேல் வித்தியாசம் கூடாது.

ஒவ்வொரு காலின் அடியிலும் 12-க்கு 12 இஞ்ச், 2 இஞ்ச் கனமுள்ள சிமென்ட் பலகை, தரையோடு தரையாகப் பதித்து. மேலே தூக்கி நின்றால் அந்தக் கால் மட்டும் பாரம் வாங்கி வளையும். பலகை இல்லாமல் வெறும் மண்ணில் நின்றால் மழையில் கால் புதையும். நிரப்பும்போது ஒரு இஞ்ச் தண்ணீர் வந்ததும் நிறுத்தி அடிச் சுருக்கங்களைக் கையால் நீவி விடுங்க, மட்டத்தையும் ஒரு தடவை பாருங்க. ஒரு பக்கம் ஆழம் கூடியிருந்தால் அப்போதே வடித்துத் தளத்தைத் திருத்துவது அரை நாள் வேலை. முழுக்க நிரம்பினால் பக்கவாட்டில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 190 கிலோ விசை வெளியே தள்ளும். சாய்வும் சேர்ந்தால் தாழ்ந்த பக்கத்துக் கால்கள் அகன்று ஷீட் கிழியும், அத்தனை தண்ணீரும் ஒரே பாய்ச்சலாகக் கீழ்ப்பக்கம் போகும். உங்கள் இடத்தில் கீழ்ப்பக்கம் என்பது கல்லுக்கட்டும் அடுத்தவர் வாழையும்.

கோரை:

கல்லுக்கட்டு அண்ணன் வேர் எடுக்கச் சொன்னார், ஒன்று சேர்க்கிறேன். கோரைப்புல் இருக்கிற மண் என்றால் வெட்டினால் மட்டும் போதாது, கிழங்கோடு தோண்டி எடுக்கணும். ஊசி மாதிரி முளை பி.வி.சி. ஷீட்டை அடியிலிருந்து குத்தித் துளைத்து ஏறும். துளை அடியில் இருப்பதால் தண்ணீர் தினம் ஒரு விரற்கடை குறைவது மட்டும்தான் தெரியும். ஆவியாகிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அதற்குள் தளத்துப் பாறைப்பொடி அரித்துப் போயிருக்கும். பாறைப்பொடிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அல்லது கனமான தார்ப்பாய் இரண்டு மடிப்பு.

தென்னை மூட்டிலிருந்து (அடிமரத்திலிருந்து) 15 அடியாவது தள்ளியே வையுங்க. நெற்று விழுந்தால் ஷீட் போகும், ஆள் இருந்தால் ஆளும் போகும்.

வரைபடம்:

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். "கழற்றி வைக்கிற சாமான், யாரும் கேட்க முடியாது" என்பது சரியில்லை.

2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் வீட்டுத் தரைமேல் பூலுக்கென்று தனியாக ஒரு அத்தியாயம் கிடையாது. அதை வைத்துத்தான் அனுமதி வேண்டாம் என்கிறார்கள். ஆனால் தாய்ச் சட்டமான 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் கட்டடம் என்பதற்கான விளக்கத்தைப் படியுங்கள். செங்கல், மண், மரம், உலோகம் என எந்தப் பொருளால் ஆனதும் வரும். அடித்தளம் இல்லாமல் தரைமேல் வெறுமனே நிற்பதும் வரும். ஆக, பக்கத்துக்காரர் மனு கொடுத்தால் அதிகாரி வந்து கேட்க இடம் உண்டு.

நடைமுறையில் என்ன செய்யலாம்? கான்கிரீட் தளம், சுற்றி மேடை, மேற்கூரை, நிரந்தரக் குழாய், மோட்டார் அறை, இதில் எது வந்தாலும் அது கட்டுமானம்தான். ஒற்றைச் சாளர இணையதளத்தில் வரைபடத்தோடு விண்ணப்பிக்கணும். நீங்கள் சொல்வது போல வெறும் ஃப்ரேம் பூல் என்றால் பேரூராட்சி செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சர்வே எண், பூலின் அளவு, கொள்ளளவு, நான்கு எல்லையிலிருந்தும் உள்ள தூரம், தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும், கான்கிரீட் இல்லை, கழற்றக்கூடியது என்று எழுதி, கையால் வரைந்த படம் ஒன்றும் இணைத்து, "அனுமதி தேவையென்றால் தெரிவிக்கவும்" என்று முடியுங்கள். ஒரு பிரதியில் அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளணும். பின்னால் பிரச்சனை வந்தால் மறைத்துச் செய்யவில்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. கிராம ஊராட்சி என்றால் ஊராட்சிக்குக் கொடுத்து, பிரதியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புங்கள். நாகர்கோவிலில் மாநகராட்சி.

வீட்டுக்கு அங்கீகாரம் வாங்கிய வரைபடத்தை எடுத்து, பின்பக்கமும் பக்கவாட்டிலும் எவ்வளவு இடைவெளி விடச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளிக்குள் பூல் நுழைந்தால் கடிதத்துக்குச் சாதகமான பதில் வருவது கஷ்டம்.

இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்காக இன்னும் சில.

கடலோரம்: நீரோடி முதல் கன்னியாகுமரி வரை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். தேங்காப்பட்டணம், கடியப்பட்டணம், மணக்குடி மாதிரி ஆறு கடலில் சேரும் இடங்களில் உப்புநீர் ஏறுகிற தூரம் வரை ஆற்றங்கரையும் இதில் அடங்கும். அங்கே தண்ணீர்தான் பெரிய தடை. இந்த மண்டலத்துக்கான அறிவிக்கை நிலத்தடி நீர் எடுப்பதையே கட்டுப்படுத்துகிறது. 200 முதல் 500 மீட்டர் வரை சாதாரணக் கிணற்றிலிருந்து குடிக்க, விவசாயத்துக்கு, மீன்பிடிக்கு என்றுதான் விட்டுவைத்திருக்கிறது. பூல் அந்தப் பட்டியலில் இல்லை. நல்ல தண்ணீரை உறிஞ்சினால் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும், ஒரு தெருவுக்கே கிணறு கெடும். சட்டம் அதைத்தான் தடுக்கிறது.

மலையோரம்: தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் சில வருவாய்க் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. அங்கே சரிவை வெட்டித் தளம் போடுவதற்கு முன் உங்கள் கிராமம் பட்டியலில் உண்டா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

பட்டாவில் நன்செய் என்று இருந்தால், குளத்தங்கரையோ சானல் (பாசனக் கால்வாய்) கரையோ ஒட்டிய நிலம் என்றால் இன்னும் கவனம். நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள்.

விருந்தினரிடம் காசு வாங்கி இறக்கினால் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது, அது தொழில். முழு அனுமதியோடுதான் செய்யணும்.

ஆடிக்காற்று:

வரைபடம் அண்ணாச்சி, "அடித்தளம் இல்லாமல் தரைமேல் நிற்பது" என்ற வரி எனக்குத் தெரியாது. நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மாடியையும் விட்டுவிடுங்க தம்பி.

எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன்: காற்று. ஆரல்வாய்மொழி கணவாய்க்கு நேரான ஊர்களில் வைகாசி முதல் ஆவணி வரை காலி பூலை நிறுத்தி வைக்காதீங்க. தண்ணீர் இருக்கும்வரை ஆறரை டன், அசையாது. காலியானால் வெறும் குழாயும் ஷீட்டும்தான், வேலி தாண்டிப் போகும். அந்த மாதங்களில் கழற்றிக் காயவைத்து மடித்து வையுங்க, இல்லையென்றால் முக்கால் பங்கு தண்ணீராவது நிற்கட்டும். மேல்மூடியில் வடிதுளை இருக்கணும். மழைத்தண்ணீர் மூடிமேல் குழியாகத் தேங்கினால் அதன் கனமே ஃப்ரேமை உள்ளே இழுத்து வளைத்துவிடும்.

ஃபேஸ் நியூட்ரல்:

லைன் கடக்கும் மூலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

தாழ்வழுத்த லைனுக்குக் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி என்பது விதி. 11 கே.வி. என்றால் பக்கவாட்டில் அதே 1.2, மேலே 3.7. ஆனால் பூலுக்கு அந்த அளவோடு நிற்கக் கூடாது. குப்பை அள்ளும் வலையின் அலுமினியக் கம்பை முழுக்க நீட்டினால் 16 அடி வரும். ஈரக்காலோடு நிற்பவர் அதைத் தூக்கி மறுபக்கம் திருப்பும் ஒரு நொடி போதும். கம்பை எப்படி நீட்டினாலும் லைன் எட்டக்கூடாது, அதுதான் அளவு. எட்டுமென்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் லைனை மாற்றவோ, உறை போட்ட கேபிளாக்கவோ விண்ணப்பித்து, மதிப்பீட்டுத் தொகையைக் கட்டிச் செய்துகொள்ளுங்கள். கம்புக்கும் ஃபைபர் கிளாஸ் வாங்குங்கள்.

ஃபில்டர் பம்ப்: பூலின் விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி பம்ப், 3.5 மீட்டருக்கு அப்பால் பிளக் பாயிண்ட். உங்கள் அளவுகளை வரைந்து பார்த்தேன். தென்வடலில் பூலை நடுவில் வைத்து, வடகிழக்கு மூலையில் பம்பை ஒட்டினால் விளிம்பிலிருந்து ஆறேகால் அடி, ஏறக்குறைய 2 மீட்டர் வருகிறது. கூட வரும் ஹோஸ் எட்டாவிட்டால் அதே விட்டத்தில் நீளமானது வாங்குங்கள், பம்பைக் கிட்டே இழுக்காதீர்கள். பிளக் வீட்டுக்குள், தனி சர்க்யூட்டில், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) வழியாக. மீட்டர் பெட்டியில் 100 மில்லியாம்பியர் போட்டிருந்தால் அது தீயைத் தடுக்கத்தான், ஆளைக் காக்காது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்கி ட்ரிப் ஆகிறதா பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. தண்ணீரில் ஆள் இருக்கும்போது பம்ப் ஓடவும் வேண்டாம். உள்ளே விளக்கு வேண்டுமென்றால் 12 வோல்ட் மட்டும், டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள்.

விளையோரம்:

எல்லோருக்கும் நன்றி. மாடியை விட்டுவிட்டேன். பின்பக்கம், கல்லுக்கட்டிலிருந்து ஏழரை அடி தள்ளி. லைனுக்கு விண்ணப்பம் போடுகிறேன்.

தண்ணீர் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. வீட்டில் 6 அடி விட்டத்தில் உறைக்கிணறு இருக்கிறது, வாளியில் ஒரு நாள் வைத்தால் ஓரத்தில் செம்பழுப்பாகப் படியும். பேரூராட்சிக் குழாயும் உண்டு. வடிக்கும்போது பக்கத்துச் சானலில் விடலாமா?

தெளிநீர்:

சானலில் விடாதீங்க. குளோரின் மீனையும் தவளையையும் கொல்லும், கீழே அதை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அது குடிப்பதற்காக அளந்து விடுவது; அதில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பே போகும்.

கிணறுதான் வழி, ஆனால் ஒரேயடியாக இறைக்கக் கூடாது. 6 அடி விட்டக் கிணற்றில் 6,500 லிட்டர் என்றால் 8 அடி உயரத் தண்ணீர். மாசி பங்குனியில் அவ்வளவு இறைத்தால் உங்கள் கிணறு கலங்கும், அடுத்த வீட்டுக் கிணறும் இறங்கும். ஒரு நாளைக்கு 1,500 லிட்டர் வீதம் நாலைந்து நாளில் நிரப்புங்க. ஒருமுறை நிரப்பியதை மாதக்கணக்கில் நல்லபடி வைத்திருப்பதுதான் சிக்கனம், வாரம் ஒருமுறை மாற்றுவதல்ல.

செம்பழுப்பு இரும்பு. குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் தண்ணீர் முழுக்கக் கட்டன் சாயா நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். கரைந்திருந்த இரும்பு துருவாகி வெளியே வருகிறது. பம்பை நிறுத்தி, 100 கிராம் படிகாரத்தைக் கரைத்துப் பரவலாக ஊற்றி, இரவு முழுக்க அசையாமல் விட்டால் அடியில் படியும். காலையில் கலக்காமல் ஹோஸ் வைத்து அடியை மட்டும் உறிஞ்சி வெளியே விடுங்க. இரண்டு தடவை செய்தால் தெளியும். படியவிடாமல் ஃபில்டரை ஓட்டினால் கார்ட்ரிட்ஜ் ஒரே நாளில் அடைத்துப் போகும்.

நம்ம செம்மண் விளைகளில் பல கிணறுகளுக்குப் பி.எச். (அமில-கார அளவு) குறைவு, படிகாரம் இன்னும் குறைக்கும். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் நிற்கணும். குறைந்தால் சோடா ஆஷ் 30 கிராம் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் பம்ப் ஓட்டி, மறுபடி அளந்து பாருங்க. ஒரே தடவை அள்ளிப் போட்டால் தண்ணீர் வெள்ளையாகும்.

குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). உங்கள் அளவுக்கு 65 சத கிரானுல் 10 கிராம் போட்டால் 1 பி.பி.எம். ஏறும். ஆக 30 கிராமுக்கு மேல் தேவையில்லை, பொழுது சாய்ந்த பிறகு, வாளித் தண்ணீரில் கரைத்து. சாதா பிளீச்சிங் பவுடர் மலிவு, ஆனால் சுண்ணாம்பு அடியில் தங்கும். நம்ம வெயிலில் பாதுகாப்பு இல்லாத குளோரின் மத்தியானத்துக்குள் போய்விடும். தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை சயனூரிக் ஆசிட் 200 கிராம் போட்டால் தாக்குப் பிடிக்கும். மெல்லக் கரையும் குளோரின் டேப்லெட்டையும் கிரானுலையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் தொடவே கூடாது, இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும். குளோரினை ஆசிட்டோடும் கலக்கக் கூடாது, விஷவாயு வரும்.

மணிக்கு 2,000 லிட்டர் இறைக்கும் பம்ப் என்றால் மொத்தத் தண்ணீரும் ஒருமுறை சுற்ற மூன்றேகால் மணி நேரம். தினம் ஏழு மணி நேரம் ஓடட்டும்.

இதைச் சோம்பினால் கொசு. முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும், ரப்பர்ப் பால் சிரட்டையில் தேங்குவதே டெங்கு கொசுவுக்குத் தாராளம். புழு இருந்தால் 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் வரும்.

வடிப்பதற்கு: ஐந்து நாள் குளோரின் போடாமல், மூடி இல்லாமல் வெயிலில் விட்டு, டெஸ்ட் கிட்டில் பார்த்து குளோரின் பூஜ்ஜியம் ஆனதும் தென்னைக்குப் பாய்ச்சுங்க. பத்து மூடு தென்னை இருந்தால் மூட்டுக்கு 650 லிட்டர், மூன்று நாளாகப் பிரித்து. செப்டிக் டேங்க் பக்கம் விட்டால் அது நிரம்பிப் பொங்கும். கல்லுக்கட்டு ஓரமும் கூடாது, காரணம் அண்ணன் மேலே சொன்னதுதான்.

வரைபடம்:

ஒன்று விட்டுப்போனது. வடிக்கும் வழியைத் தெளிநீர் சொன்னபடியே கடிதத்தில் எழுதுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் வேலி. 4 அடி உயரம், குழந்தை கால் வைத்து ஏற முடியாதபடி நேர்க்கம்பிகள், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, தாழ்ப்பாள் மேலே உள்பக்கம். 30 இஞ்ச் பூலின் சுவரே தடுப்பு என்று நினைக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போதும் நாலு வயதுப் பிள்ளைக்கு. குளித்து முடித்ததும் ஏணியை எடுத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள். பம்ப் பூலை ஒட்டி இருந்தால் அதுவும் படிக்கட்டு ஆகும், 2 மீட்டர் தள்ளச் சொன்னது இதற்கும் உதவும். பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்தாலும் பொறுப்பு பூல் வைத்தவருக்குத்தான். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு. வேலி முடிந்த பிறகு தண்ணீர் விடுங்கள், தண்ணீர் விட்ட பிறகு வேலி அல்ல.